முக்கால்

போன மே மாத விடுமுறையில் மகனை ஊருக்குக் கூட்டிப் போயிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் வழக்கம்போல டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். பக்கத்தில் கண் மங்கிய ஒரு பெரியவர். பையனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாரு மவன்ல நீ?" என்றார். பையன் சென்னையில் வளர்ந்தவன். பள்ளிக்கூட அட்மிஷனில் சொல்வதுபோல என் முழுப்பெயரை இனிஷியலோடு சொன்னான். பெரியவருக்குப் பிடிபடவில்லை. நான் குறுக்கே புகுந்து, "நான்தான் தாத்தா, முக்கால். எம் மவன்" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"முக்கால் மவனா? அப்பம் நீ அரைக்கால்லா!"

சாயங்காலத்துக்குள் எங்கள் தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் அவனை அரைக்கால் என்று கூப்பிட்டுவிட்டார்கள். அவனுக்கு அந்தச் சொல்லே புதிது. எட்டில் ஒரு பங்கு என்று விளக்கினேன். "நீங்க முக்கால்னா நான் ஏன் எட்டில் ஒண்ணு?" என்று கணக்குக் கேட்டான். நியாயமான கேள்விதான். அதைவிட வில்லங்கமான கேள்வி ராத்திரி மொட்டைமாடியில் படுத்திருக்கும்போது வந்தது. "உங்களுக்கு ஏன்பா முக்கால்னு பேரு?"

எனக்குத் தெரிந்த கதை இது. மூன்றாம் வகுப்பு. பழைய காலத்து வாத்தியார் ஒருவர், கால், அரை, அரைக்கால், வீசம் எல்லாம் வாயால் சொல்ல வைப்பார். ஒருநாள் "அரையும் காலும் சேந்தா என்னலே?" என்று கேட்டார். வகுப்பே முழித்தது. நான் மட்டும் எழுந்து "முக்கால்" என்றேன். முன்னால் கூப்பிட்டு முதுகில் தட்டிக் கொடுத்தார். அன்றைக்கே நான் முக்கால் ஆனேன்.

இதைத்தான் நாற்பது வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். மறுநாள் என் பால்ய நண்பன் முன்னால் வைத்து மகனிடம் இதைச் சொன்னபோது அவன் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "கணக்குல சொன்னது வாஸ்தவம். பேரு அன்னைக்கு விழலைலே. ஒரு வாரம் கழிச்சு, மதியானம், சமூக அறிவியல் பாடம். நீ தூங்கி விழுந்துக்கிட்டு இருந்தே. 'வாஸ்கோடகாமா எங்கே வந்து இறங்கினாரு?'ன்னு டீச்சர் ஒன்ன எழுப்பிக் கேட்டாங்க. நீ 'முக்கால்'னே."

எது உண்மை என்று எனக்கே இப்போது தெரியவில்லை. என் மனைவியின் ஊர்க்காரர்கள், நான் குள்ளம் என்பதால்தான் இந்தப் பெயர் என்று கல்யாணத்தன்றே முடிவு கட்டிவிட்டார்கள். அப்புறம் முக்கால் பேன்ட் வந்த காலத்தில் நானும் அதை வாங்கிப் போட்டுக்கொண்டு ஊருக்குப் போக, இளவட்டங்களுக்கு வேறொரு காரணம் கிடைத்தது. இன்னொரு கட்சியும் உண்டு. 'முழுக்கிறுக்கு இல்லை, முக்கால்தான்' என்பது அவர்கள் வாதம். பெயர் ஒன்று. காரணம் ஆளுக்கு ஒன்று.

எங்கள் குடும்பத்தில் பட்டப்பெயர் இல்லாமல் பிழைக்கவே முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்பாவையும் சேர்த்து அண்ணன் தம்பிகள் நாலு பேர். நாலு பேரும் தங்கள் மூத்த மகனுக்குத் தாத்தாவின் பெயரையே வைத்தார்கள். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதானே, பெயரைச் சுமப்பவன். தாத்தாவுக்கோ ஊர்ச்சாமியின் பெயர். திருநெல்வேலிப் பக்கத்து ஊர்களில் சுடலை, இசக்கி, பேச்சி, மாடசாமி என்று ஒரு தெருவில் குரல் கொடுத்தால் ஏழெட்டு வாசலில் இருந்து தலை நீளும். ஆக ஒரே பெயரில், ஒரே இனிஷியலில்கூட, பெரியப்பா சித்தப்பா மக்கள் நாங்கள் நாலு பேர்.

2024 நாடாளுமன்றத் தேர்தலில் ராமநாதபுரத்தில் ஓ.பன்னீர்செல்வம் நின்றபோது அதே பெயரில் இன்னும் 5 பேர் மனு போட்டு நின்றார்கள். மாநிலமே அதை வேடிக்கை பார்த்தது. எங்கள் வீட்டில் அது அன்றாடம்.

இதில் ஆச்சி பாடுதான் பெரும்பாடு. புருஷன் பெயரை வாயால் சொல்லக்கூடாது. அந்தப் பெயரை வைத்த பேரன்களையும் எப்படிக் கூப்பிடுவாள்? வீட்டு மருமகள்களுக்கும் அதே கதி, மாமனார் பெயரைச் சொல்ல முடியாது. சொந்த மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாத நாலு அம்மாக்கள். கோயிலில் நின்று சாமியைப் பெயர் சொல்லிக் கும்பிடக்கூட ஆச்சிக்கு வழியில்லை, "ஐயா" என்பதோடு சரி. எங்களையும் "ஏ ஐயா" என்பாள். ஒருத்தனைக் கூப்பிட்டால் நாலு பேரும் போவோம். பட்டப்பெயர் என்றால் கேலி, கிண்டல் என்று நினைக்கிறோம். எங்கள் வீட்டில் அதைக் கொண்டுவந்து சேர்த்தது மரியாதை. காயல்பட்டினம், கீழக்கரை நண்பர்களின் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளில் குடும்பப் பட்டப்பெயரைப் பெயருக்கு முன்னால் அச்சடித்திருப்பார்கள். ஒரே மாதிரிப் பெயர்கள் நிறைந்த ஊருக்கு அதுதான் விலாசம்.

எங்கள் நாலு பேரில் மூத்தவன் நெட்டை. அதில் சொல்ல ஒன்றும் இல்லை, நெட்டையாக இருந்தான். இரண்டாமவன் பட்டாளம். அவன் அப்பா ராணுவத்தில் இருந்தவர். இவனோ தென்காசியில் அரிசிக்கடை வைத்திருக்கிறான், பட்டாசுச் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வான். ஆனால் இவன் மகன் நிஜமாகவே ராணுவத்தில் சேர்ந்துவிட்டான். நடுவில் இருப்பவனுக்குத்தான் பெயர், முன்னும் பின்னும் இருப்பவர்களுக்குத்தான் காரணம். மூன்றாமவன் கடலை. களத்தில் காயப்போட்ட நிலக்கடலையைத் திருடி, டவுசர் பை ஓட்டை வழியாக வீடுவரை சிந்திக்கொண்டே வந்து மாட்டிக்கொண்டவன். அது பாட்டுக்குத் தின்கிற கடலையாக இருந்தது. கடலை போடுவது என்றால் பெண்களோடு மணிக்கணக்காகப் பேசுவது என்று பொருள் வந்த காலத்தில்தான் அவனுக்குக் கல்யாணம் ஆனது. முதல் வாரத்தில் அவன் மனைவி கேட்ட கேள்விக்கு எங்கள் பெரியம்மாவே சாட்சி சொல்ல வேண்டி வந்தது. "தாயி, சத்தியமா அது தின்ன கடலைதான்."

நாலாவது நான்.

ஒன்பதாம் வகுப்பில் தமிழய்யா இடுகுறிப்பெயர், காரணப்பெயர் நடத்தினார். மரம், மண் இடுகுறி. காரணம் தெரியாது, பெரியவர்கள் வைத்தது, அப்படியே கூப்பிடுகிறோம். காரணப்பெயருக்கு, "நாலு கால் இருக்கறதாலே நாற்காலி. மூணு கால் இருக்கறதாலே..." என்று நிறுத்தினார். வகுப்பு மொத்தமும் என் பக்கம் திரும்பி "முக்காலீ" என்று கத்தியது. எனக்கு இலக்கணம் மறக்காமல் போனதற்கு அந்த அவமானம்தான் காரணம்.

பட்டப்பெயர் பிறக்கும்போது காரணப்பெயராகத்தான் பிறக்கிறது. நாளாக ஆகக் காரணம் தேய்ந்து, இடுகுறியாகிவிடுகிறது. சிவாஜி கணேசனுக்குப் பெரியார் அந்தப் பட்டத்தைக் கொடுத்தது, நாடகத்தில் மராட்டிய மன்னனாக நடித்ததற்காக. இன்றைக்கு 'சிவாஜி மாதிரி அழுகிறான்' என்று ஒருவர் சொன்னால் ராய்கட் கோட்டையா நினைவுக்கு வருகிறது? காரணம் உதிர்ந்துவிட்டது, பெயர் நிற்கிறது. ஒருத்தருக்குத் தன் பட்டப்பெயர் பிடிக்கிறதா இல்லையா என்பதுகூட இதைப் பொறுத்ததுதான் என்று எனக்குப் படுகிறது. கூப்பிடும்போது காதில் காரணம் விழுகிறதா, பெயர் மட்டும் விழுகிறதா? என் அத்தை ஒருத்திக்குப் பள்ளிச் சான்றிதழிலேயே போதும்பொண்ணு என்றுதான் பெயர். ஐந்தாவது பெண்ணாகப் பிறந்தவள். எழுபது வயதிலும் ரேஷன் கடையில் யாராவது பெயரை உரக்க வாசித்தால், கையெழுத்துப் போடும் முன்னால் ஒரு நொடி நிற்பாள். பட்டப்பெயர்கூட இல்லை, வைத்த பெயர். ஆனாலும் அதில் காரணம் இன்னும் உதிரவில்லை.

காரணம் காணாமல் போனால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா, புதிதாக ஒன்றைக் கட்டிவிடுவார்கள். சீத்தலைச் சாத்தனாரை எடுத்துக்கொள்ளுங்கள். பிழையான பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எழுத்தாணியால் தலையில் குத்திக்கொள்வாராம், அதனால் தலை சீழ்ப்பிடித்துச் 'சீத்தலை' ஆனதாம். சீத்தலை என்பது ஊர்ப் பெயர் என்றுதான் அறிஞர்கள் சொல்கிறார்கள். ஆனால் ஊர்ப் பெயரில் என்ன சுவாரசியம் இருக்கிறது? திருவள்ளுவமாலையில் ஒரு வெண்பா, வள்ளுவரின் முப்பாலால் சாத்தனாரின் தலைக்குத்து தீர்ந்தது என்று கதைக்கு முடிவும் எழுதிவிட்டது. (முப்பாலுக்கும் முக்காலுக்கும் இரண்டெழுத்துதான் வித்தியாசம் என்பதை இந்த இடத்தில் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.) வாஸ்கோடகாமா கதையும் இந்த வகையாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன், நண்பன் அடித்துப் பேசுகிறான்.

தமிழில் எனக்குப் பிடித்த பட்டப்பெயர்கள் குறுந்தொகையில் இருக்கின்றன. பாட்டு கிடைத்துவிட்டது, பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. தொகுத்தவர்கள் என்ன செய்தார்கள் என்றால், அந்தப் பாட்டிலேயே கண்ணில் ஒட்டிக்கொள்கிற ஒரு தொடரை எடுத்துப் பெயராக வைத்துவிட்டார்கள். 40ஆம் பாட்டுக்காரர் செம்புலப்பெயனீரார். அடுத்த பாட்டுக்காரர் அணிலாடு முன்றிலார். தலைவன் ஊரில் இல்லாதபோது தலைவி தன்னை, ஆட்கள் விட்டுப்போய் முற்றத்தில் அணில் விளையாடும் வீட்டைப்போல என்கிறாள். அந்த அணில்தான் புலவரின் பெயர். 290இல் கல்பொரு சிறுநுரையார், பாறையில் மோதிக் கரைகிற நுரை. 305இல் ஒருவர் இருக்கிறார், குப்பைக்கோழியார். குப்பைமேட்டில் தாமாகவே சண்டை போட்டுக்கொள்ளும் கோழிகளை விலக்கிவிட ஆள் கிடையாது, தன் காதல் நோயும் அப்படித் தானாக முடிந்தால்தான் உண்டு என்பது அந்தப் பாட்டு. இதே பெயரை எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒருத்தனுக்கு வைத்திருந்தால் அவன் அழுதுகொண்டே வீட்டுக்குப் போயிருப்பான். அவர்கள் ஒருவர் எழுதியதில் மிக நல்ல இடத்தைத் தேடி எடுத்தார்கள். நாங்கள் ஒருவன் தடுக்கி விழுந்த இடத்தை எடுத்தோம்.

எல்லாச் சங்கப் பெயர்களும் இப்படி என்று சொல்ல மாட்டேன். எங்கள் பொதிகை மலையை ஆண்ட ஆய் அண்டிரனைப் புறநானூற்றில் பாடியவர் ஏணிச்சேரி முடமோசியார். ஆய் அண்டிரன் அவ்வளவு யானைகள் கொடுத்தான் என்று வியந்து வியந்து பாடியவர். அவர் பெயரில் மோசிக்கு முன்னால் நிற்கிற சொல் என்னவென்று ஒவ்வொரு முறை படிக்கும்போதும் கேட்கத்தான் செய்கிறது. இரண்டாயிரம் வருடமாகியும் அந்தக் காரணம் தேயவில்லை. உடம்பைப் பார்த்து வைத்த பெயர்கள் லேசில் தேய்வதில்லை.

என் பெயர் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அது எப்போது பிடித்துப்போனது என்று நாள் குறித்துச் சொல்ல முடியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஊர்க் கோயில் கொடைக்கு ஆயிரத்து ஒரு ரூபாய் கொடுத்தேன். அதுவரை குடும்பத்தில் யாரும் கொடுக்காத தொகை. மைக்கில் என் நிஜப் பெயரை, இனிஷியலோடு, இரண்டு தடவை சொன்னார்கள். மறுநாள் காலையில் டீக்கடையில் எல்லாரும் கடலையைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் படுபாவி மறுக்கவும் இல்லை, "ஏதோ நம்மால முடிஞ்சது" என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். அடுத்த வருடம் மைக்காரரிடம் நானே போய், "முக்கால்னு சேத்துச் சொல்லும்வே" என்றேன். சொன்னார். கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். அன்றிலிருந்து அது என் சொத்து.

விசிலடித்தது என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது.

எட்டாம் வகுப்பில் என்னோடு ஒருவன் படித்தான். அவனுக்கும் எங்கள் சாமியின் பெயர்தான். வகுப்பில் அந்தப் பெயரில் என்னையும் சேர்த்து மூன்று பேர். அவனுக்குப் பேச்சு திக்கும், முக்கியமாக 'ஸ' வருகிற இடத்தில். வருகைப் பதிவின்போது "யெஸ் சார்" சொல்ல வேண்டும். அவனுக்கு அது "யெஸ்ஸ்ஸ்ஸ்" என்று இழுத்துக்கொண்டே போகும், சார் வந்து சேரவே சேராது. அந்த மாதம்தான் எங்கள் வீட்டில் முதல் பிரஷர் குக்கர் வாங்கியிருந்தார்கள். தெருவில் இரண்டாவது. ஒருநாள் அவன் இழுத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் இருந்து நான், "மூணு விசில் வந்தாச்சு, எறக்கிருங்க சார்" என்றேன்.

வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது. வாத்தியாரும் சிரித்துவிட்டார். பையன்கள் சிரித்தது மட்டும் என்றால் இரண்டு நாளில் அடங்கியிருக்கும். அவர் சிரித்ததுதான் முத்திரை குத்தியதுபோல ஆகிவிட்டது. அவன் குக்கர் ஆனான். மறுநாள் முதல் அவன் "யெஸ் சார்" சொல்வதை விட்டுவிட்டான். பெயர் கூப்பிட்டதும் கையை மட்டும் தூக்குவான். பன்னிரண்டாம் வகுப்பு முடிகிறவரை அப்படித்தான். அதை அப்போதே பார்த்தேன், பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சொல்லப்போனால் அந்தப் பெயரை நான் வைத்தேன் என்பதில் பெருமைதான் இருந்தது.

போன வருடம் பழைய மாணவர்கள் சந்திப்புக்காக வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கினார்கள். எப்படியோ அவன் எண்ணையும் தேடிப்பிடித்துச் சேர்த்தார்கள். சேர்ந்த அன்று காலையில் அவன் ஒரு வணக்கம் போட்டான், தன் பெயரை முழுதாக எழுதி, ஊரையும் வேலையையும் எழுதி. கீழே முதல் பதில் வந்தது. "ஏலே குக்கரா!" தொடர்ந்து ஏழெட்டுப் பேர். ஒருவன் விசில் சத்தத்தையே குரல்பதிவாக அனுப்பினான். மதியத்துக்குள் அவன் குழுவை விட்டு வெளியேறிவிட்டான்.

தன்னை 'தல' என்று அழைக்க வேண்டாம், அஜித், அஜித்குமார் அல்லது ஏ.கே. என்றால் போதும் என்று அஜித்குமார் 2021 டிசம்பரில் ஓர் அறிக்கை விட்டார். கொண்டாடி வைத்த பெயரே ஒருவருக்கு வேண்டாம் என்று தோன்றலாம். சொல்வதற்கு அவருக்கு ஓர் இடமும் இருந்தது. இவன் சத்தமில்லாமல் எழுந்து போனான், அவ்வளவுதான்.

"இதுக்கெல்லாமா கோவப்படுவான்?" என்று குழுவில் கேட்டார்கள். "நாம என்ன கெட்ட வார்த்தையா சொன்னோம்?" என்றான் ஒருவன். "என்னை இன்னும் எல்லாரும் பன்னின்னுதான் கூப்பிடுதாங்க, நான் போயிட்டேனா?" என்றான் இன்னொருவன், அவனுக்கு அது உண்மையிலேயே வலிக்கவில்லை. நாள் முழுக்க நான் ஒன்றும் எழுதவில்லை. சாயங்காலம் யாரோ கேட்டார்கள், "அந்தப் பேரை எவன்லே வச்சான்?" ஆளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். வாத்தியார்தான் வைத்தார் என்று ஒருவன் அடித்துச் சொன்னான். என் பெயரை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து அவனுக்குத் தனியாக எழுதினேன். நான்தான் வைத்தேன் என்றும், குக்கர் வாங்கிய கதையையும், அவன் கையைத் தூக்கியது நினைவிருக்கிறது என்றும். மன்னிப்புக் கேட்டேன். நீலக் குறி இரண்டும் விழுந்தன. பதில் இல்லை. பதில் வர வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு என்ன பாத்தியதை?

மொட்டைமாடியில் மகனிடம் இதைச் சொல்லவில்லை. அவனுக்கு வாஸ்கோடகாமா வரைக்கும்தான் தெரியும். ஊரில் இருந்து திரும்பியதும் செல்போன் விளையாட்டில் தன் பெயரை அரைக்கால் என்று மாற்றிக்கொண்டான். வட இந்தியாவில் இருந்தெல்லாம் விளையாடுகிற பையன்கள் அவனை 'அரக்கல், அரக்கல்' என்று கூப்பிடுவது பக்கத்து அறையில் இருந்து கேட்கிறது.

ரயிலில் வரும்போது ஒரு காரியம் செய்தேன். என் போனில் பள்ளி நண்பர்கள் எல்லாரும் பட்டப்பெயரில்தான் இருக்கிறார்கள். அவனையும் குக்கர் என்றுதான் பதிந்து வைத்திருந்தேன், மன்னிப்புக் கேட்ட அன்றும்கூட. அதை அழித்துவிட்டு அவன் நிஜப் பெயரைப் போட்டேன். அந்தப் பெயரில் ஏற்கெனவே நாலு பேர் இருந்தார்கள். இனிஷியல் சேர்க்கலாம் என்று பார்த்தால், இத்தனை வருடம் கூடப் படித்தவனின் இனிஷியல் எனக்குத் தெரியவில்லை. குழுவில் அவன் போட்ட அந்த ஒரே வணக்கத்தைத் தேடினேன். யாரோ நிர்வாகி நல்லெண்ணத்தில் அன்றைய உரையாடல் மொத்தத்தையும் அழித்திருந்தார்.

இப்போதைக்கு, சாமி பெயருக்குப் பக்கத்தில் 'ரெண்டாவது பெஞ்சு' என்று போட்டு வைத்திருக்கிறேன்.